கயாக்கின் விலை வேறு, கயாக்கில் மீன் பிடிக்கும் செலவு வேறு

வினா: நான் யாழ்ப்பாணத்து அரியாலையில் வசிக்கும் அரச ஊழியன். வார இறுதிகளில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் சென்று தூண்டில் போட விரும்புகிறேன். கனடாவில் இருக்கும் தமையன் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். அதை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து தரும் முகவர் ஒருவர் “எல்லாச் செலவும் அடக்கம்” என்று ஒரு தொகையைச் சொல்லி, அதில் பாதியை முற்பணமாகக் கேட்கிறார். செலவு அந்தத் தொகையோடு முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. கயாக்குக்கு என்ன விலை கொடுக்கிறீர்களோ, அதில் பாதியையாவது முதல் வருடத்தின் மற்றச் செலவுகளுக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கணிப்பு.

மேலே அமர்ந்து துடுப்பால் செலுத்தும் சாதாரண மீன்பிடிக் கயாக் வெளிநாட்டுக் கடைகளில் 500 முதல் 1,000 அமெரிக்க டொலர் வரை விற்கிறது. காலால் மிதித்துச் செலுத்தும் வகைக்கு விலை இன்னும் கூட. ஆனால் 12 அடி நீளக் கயாக் 35 கிலோ எடையே இருந்தாலும், பொதியாகக் கட்டும்போது ஏறக்குறைய 1.2 கன மீற்றர் இடத்தை அடைப்பதால், கப்பற் கூலி எடைக்கல்ல, அந்த இடத்துக்கே கணக்கிடப்படுகிறது. பொருளின் விலை, கப்பற் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டிய பெறுமதியின்மேல் இறக்குமதித் தீர்வைகள் விழுகின்றன. அந்தத் தீர்வைகளையும் சேர்த்த தொகையின்மேல்தான் 18% பெறுமதி சேர் வரி விழுகிறது. வரியின்மேல் வரி என்ற இந்த ஏற்பாட்டைச் சாதாரண மனிதனுக்கு எவரும் விளக்கிச் சொல்வதில்லை. அந்த அறியாமையில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள்.

உங்கள் முகவரைப் பற்றிய கவலைதான் எனக்குப் பெரிது. “எல்லாம் அடக்கம்” என்பவரிடம் சுங்கத்தில் செலுத்தும் பணத்துக்கான பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் வருமா என்று கேளுங்கள். “கொள்கலனில் இடம் இருக்கிறது, வரியில்லாமல் எடுத்துத் தருகிறேன்” என்று பதில் வந்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பொருள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும், முகவரின் தொலைபேசியோ வேலை செய்யாது. அவர் சொல்லும் “முழுத் தொகுதியில்” உள்ள உயிர்காப்பு அங்கியையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 12402 என்ற தரக் குறியும், குறைந்தது 50 நியூட்டன் மிதவைத் திறனும் அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத அங்கி நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடத்தான் உதவும். நல்ல அங்கியைத் தனியே வாங்க நேர்ந்தால், அதுவே உங்கள் முதல் மேலதிகச் செலவு. கயாக் 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், உங்கள் உடல், தூண்டில் தடி, ஐஸ் பெட்டி, மீன் எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்று கொள்ளுங்கள். இதையும் விற்பவர் சொல்லமாட்டார்.

பழைய கயாக்கை வாங்கவே வேண்டாம் என்பது என் பொதுவான அறிவுரை. இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு: உரிமையாளர் தாமே நேரில் நின்று, தண்ணீரில் இறக்கிக் காட்டச் சம்மதித்தால் வாங்கலாம். அப்போதும் முதலில் கயாக்கைக் கவிழ்த்து, கரையில் இழுபட்டுத் தேயும் பின்பக்க அடியையும், நீர் வடியும் துளைகளின் உள்விளிம்பையும், இருக்கை பூட்டிய ஆணிகளைச் சுற்றிய இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஆளை ஏற்றி அரைமணி நேரம் மிதக்கவிட்டு, கரைக்கு எடுத்து, வடிகாற் குமிழைக் கழற்றிச் சரித்துப் பாருங்கள். உள்ளிருந்து நீர் ஓடினால் எங்கோ வெடிப்போ கசிவோ இருக்கிறது. “பைபர் ஒட்டினால் சரி” என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நம் ஊர்ப் படகுத் திருத்துநர்கள் கண்ணாடி இழை வேலையில் கைதேர்ந்தவர்கள்தாம், ஆனால் இந்தக் கயாக்குகள் பொலிஎதிலீனால் வார்க்கப்பட்டவை. அந்தப் பிசின் இதில் பிடிக்காது, சில நாட்களில் தோலாக உரிந்து வரும். அதே வகைப் பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அந்த வேலை தெரிந்தவரைத் தேடிப்பிடித்து, அவர் கேட்கும் கூலியை விலையில் கழித்துத் தர உரிமையாளர் சம்மதித்தால் மட்டுமே வாங்குங்கள்.

வாங்கியதை ஓட்டோவில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு வாரமும் வாகனம் பிடிப்பதைவிட, கரையோரத்தில் வாடி வைத்திருக்கும் கடற்றொழிலாளர் ஒருவரிடம் மாத வாடகை பேசி நிழலில் வைப்பது மிக மலிவு. வெயிலில் கிடந்தால் பொலிஎதிலீன் நெளிந்து வெளுத்துவிடும். தூண்டில் நூல் சுற்றும் ரீலை ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவுங்கள்; உவர்க் கிணற்று நீரால் கழுவிப் பயனில்லை. ஆழமில்லாத எங்கள் கடனீரேரிக்கு மீன் காட்டும் கருவி வீண் செலவு.

செலவை நாட்களால் வகுத்துப் பார்க்கவும் வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும், அதன்பின் மழையும் வாடைக் காற்றும். புதியவருக்கு நிம்மதியான காலம் மாசியின் பிற்பகுதியிலிருந்து சித்திரை வரைதான். சோளக நாட்களில் வடகரையில், வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் கரையோரக் கடல் அமைதியாகத் தெரியும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதே அதற்குக் காரணம். துடுப்பை ஓய்த்தால் அது உங்களை ஆழ்கடலுக்குத் தள்ளிச் செல்லும். அங்கே போகவேண்டாம்.

இனி அனுமதி. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டம் தொழிலாக மீன் பிடிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படகுப் பதிவும் தொழில் உரிமமும் அவருக்கே பொருந்தும்படி அமைந்துள்ளன. பொழுதுபோக்குக்காரர் கேட்டால் ஒரு மேசை “தேவையில்லை” என்கிறது, அடுத்த மேசை “படிவம் இல்லை” என்கிறது, கரையில் மறிப்பவரோ கடதாசி கேட்கிறார். இத்தனை வருடமாகியும் இதற்கு ஒரே தெளிவான பதில் கிடைக்காதிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. “உரிமம் எடுத்துத் தருகிறேன்” என்னும் தரகர்கள் முளைப்பதும் இந்த வெற்றிடத்தில்தான். அவர்களுக்கு ஒரு சதமும் கொடாமல், மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, எழுத்தில் பதில் பெற்று, அதன் பிரதியைக் கடலுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இறங்கும் துறையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரையும் முன்கூட்டியே சந்தியுங்கள். கம்பு நட்டுக் கட்டும் சிறகுவலைகளும் நண்டு வலைகளும் கடலட்டைப் பண்ணை வேலிகளும் எங்கெங்கே உள்ளன என்று அவர்களே காட்டித் தருவார்கள். துடுப்போ தூண்டிலோ வலையில் சிக்கினால் வலையை வெட்டாதீர்கள், தூண்டில் நூலை அறுத்து விடுங்கள். வலையை வெட்டினால் அதன் விலையோடு, அந்தத் தொழிலாளி இழக்கும் நாட்கூலியும் நீங்கள் கொடுக்க வேண்டிய கணக்கில் சேரும்.