பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

பழைய சாமான் வாங்கி வீட்டை அலங்கரிப்பது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சுருக்கி, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: கூடத்தில் கண்ணாடி பதித்து மாட்டலாம் என்று காரைக்குடியில் ஒரு பழைய சன்னல் கதவை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். "நூறு வருஷத்துக்கு மேல் பழசு, பர்மா தேக்கு, செட்டிநாட்டு வீட்டில் பிரித்தது" என்றார் கடைக்காரர். ஓர் ஓரத்தை இழைத்துப் பார்த்த ஆசாரி, புது மரத்தில் சாயம் ஏற்றியது என்கிறார். பில்லில் "மரச்சாமான் 1" என்று மட்டும் இருக்கிறது. கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. பணம் திரும்ப வருமா? (வாசகி, மதுரை)

பதில்: வர வழி இருக்கிறது. முதலில், இழைப்பதை நிறுத்துங்கள். இழைத்த இடத்தையும் இழைக்காத இடத்தையும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். அடுத்து, கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பணிவாக ஒரு செய்தி: "இன்ன தேதியில் நூறு வருஷப் பழைய பர்மா தேக்கு என்று சொல்லிக் கொடுத்தீர்கள், ஆசாரி புது மரம் என்கிறார், என்ன செய்யலாம்?" அவர் சமாதானமாக எழுதினாலும் கோபமாக எழுதினாலும், வாயால் சொன்னதற்கு அதுதான் சாட்சி. பிறகு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், கடை இருக்கும் சிவகங்கை மாவட்டத்துக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தை வைத்து எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், பல வருஷமாக என் மனசில் உறுத்துகிற விஷயம். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் இடிபடுவதும், பர்மா தேக்குத் தூணும் நிலையும் சன்னலும் கடைக்கு வருவதும் உண்மை. ஆனால் அந்த ஊர்ப் பெயரையும் "நூறு வருஷம்" என்ற சொல்லையும் ஒட்டி நேற்று அறுத்த மரத்தை விற்பவர்களும் இருக்கிறார்கள். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் கடந்த கலைப்பொருளும் கைவினைப் பொருளும் தொல்பொருள் ஆகும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே கடைக்காரர் "நூறு வருஷம்" என்றதும் இரண்டே கேள்வி கேளுங்கள். உரிமம் இருக்கிறதா? வயதையும் மரத்தையும் பில்லில் எழுதித் தருவீர்களா? உண்மையாக விற்பவர் "அறுபது எழுபது வருஷம் இருக்கும், தேக்கு" என்று எழுதித் தருவார். மற்றவர் பேச்சை மாற்றுவார். அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

நான் இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒன்பது வருஷத்துக்கு முன் "தோதகத்தி" (ரோஸ்வுட்) என்று நம்பி இரண்டு நாற்காலி வாங்கினேன். முதல் மழைக்காலத்திலேயே, உட்கார்ந்து எழுந்த என் அம்மாவின் புடவையில் கருஞ்சாயம் ஒட்டியிருந்தது. உள்ளே வெறும் மாமரம். விலையைக் குறைத்துக் கொடுத்தவரிடம் பில் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமல் வந்திருந்தேன். கூச்சப்படாதீர்கள். பணம் கொடுப்பவர் நீங்கள்.

மரத்தை எப்படிப் பார்ப்பது? முகப்பைப் பார்க்காதீர்கள், பின்புறத்தையும் மரங்கள் சேரும் மூட்டுகளையும் பாருங்கள். தாழ்ப்பாளைச் சுற்றி, கை படும் இடத்தில், தேய்மானம் இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது செய்த தேய்மானம். பொளிவாயின் (மரத்தைச் செருகும் துளையின்) உள்ளே நகத்தால் கீறினால் கருமை உதிர்ந்து வெளிர்மரம் தெரிகிறதா என்று பாருங்கள். பர்மா தேக்கா நம்மூர்த் தேக்கா என்று கண்ணால் பிரிப்பது அனுபவமுள்ள ஆசாரிக்கே கடினம். "பர்மா" என்ற சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: செடி வைக்கப் பழைய பித்தளை அண்டா வாங்கினேன். புளி போட்டுத் தேய்த்ததும் பூச்சு போய் இரும்பு தெரிகிறது. கடை பெயர் ஞாபகம் இல்லை, பில்லும் இல்லை. (வாசகர், திருச்சி)

பதில்: பித்தளையில் காந்தம் ஒட்டாது. இருபது ரூபாய்க் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். கடை பெயரும் தெரியாமல், பில்லும் வாங்காமல் வந்த பிறகு நான் என்ன வழி சொல்ல முடியும்?

கேள்வி: இணையத்தில் பழைய தேக்கு ஊஞ்சல் பலகை விளம்பரம். விற்பவர் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றல் ஆகிப் போவதாகவும் சொன்னார். அடையாள அட்டைப் படம்கூட அனுப்பினார். முன்பணம் 5,000 அனுப்பினேன். "அது வரவில்லை, திருப்பித் தர இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்றார். செய்ததும் இன்னும் 5,000 போய்விட்டது. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை அம்மா. ராணுவம் என்றால் நமக்கு வரும் மரியாதையை வைத்தே இந்த ஏமாற்று நடக்கிறது. படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள்கூட விழுந்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டு பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பேச்சு, படம், விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். இன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள், இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு: நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பலகையை நேரில் தொட்டுப் பார்க்கும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் பழைய எனாமல் தட்டுகள் வாங்கினேன். விளிம்பு கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. சாப்பிடலாமா? (வாசகி, கடலூர்)

பதில்: வேண்டாம். சுவரில் மாட்டுங்கள், அழகாக இருக்கும்.

கேள்வி: ஐந்தாறு வண்ணம் அடித்த பழைய மரத்தொட்டில் கிடைத்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பேத்திக்குப் பயன்படுத்த ஆசை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தையின் மூளையைப் பாதிக்கும், தேய்க்கும் உங்களுக்கும் கெடுதல். குழந்தை விளிம்பைக் கடிக்கும் என்பதையும் நினையுங்கள். பேத்திக்குச் சேலைத் தூளி கட்டுங்கள். தொட்டில் அலங்காரத்துக்குத்தான் என்றாலும், பெயின்ட் உரிகிறதென்றால் பிள்ளை புழங்கும் வீட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: தையல் மெஷின் இரும்புக் காலில் மேசை செய்ய வேண்டும். எங்கே வாங்குவது? (வாசகர், கோவை)

பதில்: அலங்காரக் கடையில் வேண்டாம், காயலாங்கடையில் தேடுங்கள். அங்கே இரும்பாக எடைக்குப் போவதுதான் இங்கே "விண்டேஜ்" ஆகிறது. வார்ப்பிரும்பு என்பதால் விரிசல் இருந்தால் சாதாரணப் பட்டறையில் பற்றவைப்பது கடினம். சாவியால் தட்டுங்கள், கணீர் என்றால் வாங்கலாம். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, கறுப்பு எனாமல். மேலே கடப்பாக்கல் போடலாம், ஆனால் மேல் பக்கம் கனத்துக் கவிழாதபடி கால் பரப்பை விட அதிகம் நீட்டாதீர்கள். மிதிபலகையைக் கம்பியால் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் விரலை நசுக்கிக்கொள்வார்கள்.

கேள்வி: பழைய மரப்பெட்டியை டீப்பாயாக வைத்திருக்கிறேன். தினமும் அடியில் மாவு மாதிரி கொட்டுகிறது. (வாசகி, சேலம்)

பதில்: உளுத்துக்கொண்டிருக்கிறது. இன்றே மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து வெளியே வையுங்கள். வைரத்தை (மரத்தின் உள் கெட்டிப் பகுதியை) விட்டு வெளிறில்தான் (பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதியில்தான்) வண்டு அதிகம் துளைக்கும். துளை ஓரத்தோடு நின்றிருந்தால், மரப்பூச்சி மருந்தை ஊசிக்குழாயால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, மெழுகால் அடைத்து, பாலித்தீனில் இறுகச் சுற்றிச் சில வாரம் வையுங்கள். பிறகும் புது மாவு விழுந்தால் கொடுத்து ஒழியுங்கள். இப்படி ஒரு பெட்டி மேல் பாசம் வைத்து என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை இழந்தேன்.

கேள்வி: பழைய கோயில் கற்சிலை மலிவாக வருகிறது. வரவேற்பறையில் வைக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வாங்காதீர்கள். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தகவல் கொடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. 2,000 ரூபாயில் கூடத்தை அழகாக்க என்ன வாங்கலாம்? (வாசகி, வேளச்சேரி)

பதில்: முதலில் அம்மா வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். ஊறுகாய் ஜாடி, முறம், லாந்தர், தூக்குச்சட்டி, யாரும் தொடாத அஞ்சறைப் பெட்டி எல்லாம் அங்கே இருக்கும். ஜாடியில் மணிபிளான்ட், பெட்டியில் சாவிகள். பணத்தை ஒரு பழைய சன்னல் சட்டத்துக்கும் அதில் பதிக்கும் கண்ணாடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டம் மூலைமட்டத்துக்கு இருக்காது, மேலும் கீழும் தனித்தனியாக அளந்த பிறகே கண்ணாடி வெட்டச் சொல்லுங்கள். சுவரில் துளை போட வீட்டுக்காரர் ஒப்பவில்லை என்றால் தரையில் சாய்த்து வையுங்கள், அடியில் ரப்பர் கட்டை கொடுத்து.