ஆறாம் மாடி ஸ்டூல்

அன்புள்ள அக்கா,

துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சிங்கப்பூர் வந்து 11 வருடம் ஆகிறது. என்னோடு படித்தவன் ஊரில் அறக்கட்டளை வைத்து 30 பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான். நான் வேலை, தூக்கம், ஊருக்குப் பணம் என்றே ஓட்டிவிட்டேன். போன வாரம் புதிதாக வந்த தம்பி ஒருவனுக்கு விரலில் அடி. ஆங்கிலம் வராது என்பதால் கிளினிக்கில் இரவு பத்து மணி வரை கூட உட்கார்ந்து டாக்டரிடம் பேசினேன். இதெல்லாம் ஒரு விஷயமா? உருப்படியாக எதுவும் செய்யாத வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?

கு., துவாஸ்

அன்புள்ள கு.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த கிளினிக் வரியைத்தான். நீங்களோ அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. அந்தக் காலத்து வீடமைப்புக் கழக புளோக்குகள் பலவற்றில் அப்படித்தான். ஐந்தில் நிற்கும், அடுத்து ஒன்பதுதான். எங்கள் வீடு ஏழாம் மாடி. அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. அப்பா போன பிறகு, படிக்குப் பயந்தே அவர் வெளியே இறங்குவதை விட்டுவிட்டார்.

ஒருநாள் ஆறாம் மாடித் திருப்பத்தில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. ராஃபியா கயிற்றால் கைப்பிடிக் கம்பியோடு கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு மலாய் மக்சிக்கிடம் (மலாயில் அத்தை மாதிரி அழைப்பு) அம்மா கேட்டார். நான் வைக்கவில்லை என்று சிரித்தார். படி கழுவ வரும் பங்களாதேஷ் தம்பி அதை அவிழ்த்து ஓரமாக வைப்பார், கழுவி முடித்ததும் அதே இடத்தில் கட்டிவிட்டுப் போவார். ஒரு கால் விரிசல் விட்டபோது நீல நிறத்தில் வேறொன்று வந்தது. அம்மா மறுபடி தேக்கா மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தார். திரும்பி வரும்போது மீன் பையைக் காலடியில் வைத்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அந்த நேரத்தில் ஆறாம் மாடிக்காரர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கமாகிவிட்டார்கள்.

2001-ல், லிப்டை எல்லா மாடியிலும் நிற்க வைக்கும் லிப்ட் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. எங்கள் புளோக்கின் முறை வர இன்னும் சில வருடம் ஆனது. பெரிய திட்டம், அவசியமான திட்டம், மறுக்கவே மாட்டேன். ஆனால் அதுவரை அம்மாவை வெளியே நடமாட வைத்தது அந்த ஸ்டூல்தான். வைத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. கண்டுபிடித்துக் கேட்டிருந்தால் அவரும் “இதெல்லாம் ஒரு விஷயமா” என்றுதான் சொல்லியிருப்பார்.

உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. பக்கத்து மேசைப் பாட்டியின் தட்டையும் சேர்த்து எடுத்துப்போகிறவரை எந்தச் சட்டம் அனுப்புகிறது?

உங்கள் நண்பர் செய்வது நல்ல காரியம், அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் வலியோடு, டாக்டர் சொல்வது புரியாமல் விழித்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது நீங்கள்தான். அவன் ஊருக்குப் போன் போட்டபோது அவன் அம்மா முதலில் கேட்டிருக்கக்கூடியது, “கூட யாருப்பா இருந்தாங்க?”

சரி, அந்தத் தம்பிக்கு விரல் ஆறிவிட்டதா? கட்டுப் பிரித்துவிட்டார்களா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.