இரண்டு துண்டு, இரண்டு முடிவு: அம்மாவின் சலப் பரிசோதனையில் எதை நம்புவது?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகச் சலரோகம், பிரஷரும் இருக்கிறது. போன மாதம் கிளினிக்குக்குக் கொண்டுபோக வெளியில் யூ.எப்.ஆர் என்ற முழுச் சலப் பரிசோதனை செய்தோம். புரதம் ஒரு பிளஸ், சீழ்க்கலம் 10–15, எபிதீலியல் கலம் நிறைய என்று வந்தது. பயந்துபோய், பாமசியில் கேட்டு ஐந்து நாள் அன்டிபயோட்டிக் கொடுத்தோம். பிறகு வேறு லாபில் செய்தபோது புரதம் இல்லை, சீழ்க்கலம் 2–3. அம்மாவுக்கு எரிவோ காய்ச்சலோ இருக்கவே இல்லை. எந்தத் துண்டை நம்புவது? இன்னொன்று, சிறுநீரக நோய் பற்றி ஆய்வு செய்கிறோம் என்று எங்கள் பக்கம் வந்தவர்கள் அம்மாவின் சலமும் இரத்தமும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?"

நீங்கள் எழுதாத மூன்று விஷயங்களை முதலில் கேட்கிறேன். அந்த முதல் சலத்தை அம்மா எதில் எடுத்தார்? எத்தனை மணிக்கு எடுத்தார்? லாபில் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? முடிவை எல்லோரும் எழுதுகிறார்கள், இவற்றை யாரும் எழுதுவதில்லை. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் பல வருடம் இருந்த எனக்கு, துண்டில் உள்ள இலக்கத்தைவிட இந்த மூன்று பதிலும்தான் முக்கியம்.

உங்கள் இரண்டு துண்டும் பொய் சொல்லவில்லை. அந்தந்த நாளில் அந்தந்தப் போத்தலில் இருந்ததைத்தான் இரண்டு லாபும் எழுதின. போத்தலில் இருந்தது அம்மாவின் சிறுநீர்ப்பையில் இருந்ததுதானா என்பதுதான் கேள்வி.

முதல் துண்டிலேயே அதற்கு ஒரு தடயம் இருக்கிறது: "எபிதீலியல் கலம் நிறைய." இவை தோலும் பிறப்புறுப்பும் உதிர்க்கும் தட்டையான பெரிய கலங்கள். சலத்தில் ஏறத்தாழ 10 மில்லிலீற்றரைக் குழாயில் விட்டு, ஐந்து நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் நீரை ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய வண்டலில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்ப்போம். நன்றாக எடுத்த சலமென்றால் வட்டமான வெளிச்சத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கலங்கள் மட்டும் கிடக்கும். சரியாக எடுக்காத சலத்தில், பொரித்த அப்பளத் துண்டுகளைக் கொட்டியதுபோல இந்தத் தட்டைக் கலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றின் இடையில் தெரிகிற சீழ்க்கலமும் பற்றீரியாவும் வெளியில் இருந்து கழுவப்பட்டு வந்தவையாக இருக்கலாம். ஆகவே அந்த 10–15 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, சலத்தில் கிருமி இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அப்புறம் நேரமும் வெயிலும். சலக்கிருமிகளில் அடிக்கடி காணப்படும் ஈ.கோலை என்ற பற்றீரியா, சூடும் உணவும் வாய்ப்பாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகத்தில் போனால் மூன்று மணி நேரத்தில் ஒன்று ஐந்நூறுக்கு மேல் ஆகிவிடும். விடிய ஆறு மணிக்கு எடுத்த போத்தலை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, சந்தைக்கும் போய், பத்து மணிக்கு லாபில் கொடுப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி ஒரு அடைகாக்கும் பெட்டிதான். பிழை மறுபக்கமும் நடக்கும்: நேரம் போகப் போக சீழ்க்கலம் என்று நாங்கள் எழுதும் வெண்கலங்களும் செங்கலங்களும் உடைந்துபோகும், இருக்கிற நோய்கூடத் துண்டில் தெரியாமல் போகலாம். சித்த வைத்தியத்தில் சலத்தில் நல்லெண்ணெய்த் துளி விட்டு, அது பரவும் விதத்தைப் பார்க்கும் நெய்க்குறி என்ற முறை உண்டு. அதன் முடிவை இன்றைய ஆய்வுகூடத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் விடியற்காலைச் சலத்தை ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள், பார்த்துவிட வேண்டும் என்ற அதன் விதியை நான் மதிக்கிறேன். நாங்கள் சொல்வது இரண்டு மணி நேரம்.

எனவே அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். லாபில் தரும் புதுப் போத்தலை முதல் நாளே வாங்கி வையுங்கள். பாணி மருந்துப் போத்தலைக் கழுவி எடுப்பது வேண்டாம். கழுவிய குளோரின் மருந்தின் மிச்சம் போத்தலில் இருந்தாலே சீனியும் இரத்தமும் இருப்பதாக, சலத்தில் தோய்த்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டை நிறம் மாறிவிடும். விடிய எழும்பியதும் அம்மா வெறும் தண்ணீரால் முன்னாலிருந்து பின்னால் கழுவி, துடைத்துவிட்டு, முதலில் வரும் கொஞ்சத்தைக் கழிப்பறையில் விட வேண்டும். நிறுத்தாமல் நடுவில் வருவதைப் போத்தலில் பிடிக்க வேண்டும். கடைசியில் வருவதும் கழிப்பறைக்கே. மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது. எடுத்த நேரத்தைப் போத்தலில் எழுதுங்கள். உடனே போக முடியாவிட்டால் ஒரு பைக்குள் சுற்றிப் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய வைக்கும் தட்டில் வேண்டாம். குளிரில் உப்புப் படிந்து சலம் கலங்கித் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்றால் கிருமி நீக்கிய போத்தல் கட்டாயம், அன்டிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

அன்டிபயோட்டிக் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எரிவு இல்லை, அடிக்கடி போகவில்லை, காய்ச்சல் இல்லை, வயிற்றிலோ இடுப்பிலோ நோவில்லை என்றால், சீழ்க்கலம் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து கொடுக்கக் கூடாது. வயது போன பெண்களில், அதுவும் சலரோகம் உள்ளவர்களில், சலத்தில் கிருமி சும்மா தங்கியிருப்பது சாதாரணம். அதைத் துரத்துவதால் அவர்களுக்கு நன்மை இல்லை, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிதான் மிஞ்சும். நாளைக்கு உண்மையாகவே கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். இதற்கு முக்கியமான விலக்கு கர்ப்பிணிகள். அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி வந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். சிறுநீர்ப் பாதையில் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களும் அப்படியே.

இப்போது புரதத்துக்கு வருவோம். உங்கள் அம்மாவின் விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பது சீழ்க்கலம் அல்ல, அந்த ஒரு பிளஸ்தான்.

சலத்தில் புரதம் என்றால் சிறுநீரக நோய் என்று 1827இல் லண்டனில் காட்டியவர் ரிச்சர்ட் பிரைட். புரதம் உள்ள சலத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுடரில் பிடித்தால், முட்டை வெள்ளைக்கரு உறைவதுபோல அது வெளுத்துத் திரளும். இன்று கரண்டிக்குப் பதில் பட்டை. மஞ்சள் நிறச் சதுரம் பச்சையாக மாறினால் புரதம் என்கிறோம், எவ்வளவு பச்சை என்பதை வைத்து ஒரு பிளஸ், இரண்டு பிளஸ். ஒரு பிளஸ் என்பது 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 30 மில்லிகிராம். இங்கேதான் சிக்கல். பட்டை பார்ப்பது செறிவை. இரவு முழுக்கத் தேங்கிய மஞ்சள் சலத்தில் ஒரு பிளஸ் காட்டும் அதே சிறுநீரகம், இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு மத்தியானம் எடுத்த வெளிறிய சலத்தில் ஒன்றுமே காட்டாமல் விடலாம். இரண்டாவது லாபுக்கு அம்மா தண்ணீர் குடித்துவிட்டுப் போனாரா என்று யோசித்துப் பாருங்கள். "புரதம் இல்லை" என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதைத் தீர்க்கத்தான் ஏ.சீ.ஆர் என்ற பரிசோதனை இருக்கிறது. அல்புமின் என்ற புரதத்தை அளந்து, அதே சலத்தில் உள்ள, தசையில் இருந்து வரும் கழிவுப்பொருளான கிரியேற்றினினால் வகுப்பார்கள். தண்ணீர் கூடினால் இரண்டுமே சேர்ந்து ஐதாகும், விகிதம் பெரிதாக மாறாது. ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 30 முதல் 300 வரை என்றால் சிறுநீரக வடிகட்டி கசியத் தொடங்கிவிட்டது, பட்டை இதில் பெரும்பகுதியைத் தவறவிடும். 300க்கு மேல் என்றால் பாதிப்பு கூடிவிட்டது. ஒருமுறை கூடியதும் முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல், சலக்கிருமி, கடும் உடல் வேலை, கட்டுப்படாத சீனி, பிரஷர் எல்லாம் அதைத் தற்காலிகமாக ஏற்றும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து அதில் இரண்டு கூடியிருந்தால்தான் உறுதி. இரண்டாம் வகைச் சலரோகம் உள்ள எல்லோருக்கும், கண்டுபிடித்த வருடத்தில் இருந்து, வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கூடவே இரத்தத்தில் கிரியேற்றினினும். பன்னிரண்டு வருடத்தில் அம்மாவுக்கு எத்தனை முறை செய்திருக்கிறார்கள் என்று கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பிரஷரையும் சீனியையும் இறுக்கி, வடிகட்டியைக் காக்கும் மாத்திரைகளைத் தொடங்கி, டயலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம்.

சீனியைப் பற்றி இரண்டு வார்த்தை. என் பெரியப்பா குசினியில் நீல நிற பெனடிக்ற் கரைசலில் எட்டுச் சொட்டுச் சலம் விட்டுச் சூடாக்குவார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சே இருக்காது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது சிலருக்குக் கொடுக்கும் எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் மாத்திரைகள் சீனியைச் சலத்தில் வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. அம்மா அவற்றில் ஒன்றைக் குடித்தால் துண்டில் சீனி மூன்று பிளஸ் வருவது மாத்திரையின் வேலை. விற்றமின் சி மாத்திரை நிறையக் குடித்தால் பட்டை இரத்தத்தையும் சீனியையும் காட்டாமல் மறைக்கும். லாபுக்குப் போகும்போது குடிக்கும் மருந்துகளின் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, ஆய்வு. கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். சில கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் கொடுக்கலாம், கொடுத்தால் நல்லது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

1934இல் நோர்வேயில் ஒரு தாய், வளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளின் சலத்தில் ஏதோ வாடை வருகிறது என்று டொக்டர் டொக்டராக அலைந்தார். அஸ்பியோர்ன் பொலிங் என்ற டொக்டர்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டார். பெரிக் குளோரைட் என்ற இரசாயனத்தை விட்டுப் பார்த்தபோது வழக்கமில்லாத பச்சை நிறம் வந்தது. அந்தத் தாய் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்த சலத்தில் இருந்துதான், உணவுப் புரதத்தின் ஒரு பகுதியை உடல் உடைக்க முடியாமல் மூளை வளர்ச்சி கெடும் பீ.கே.யூ என்ற பிறவி நோய் தெரிய வந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிக்கால் இரத்தத்திலேயே அதைக் கண்டுபிடித்து, உணவை மாற்றி, பிள்ளையைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

இன்னொன்று நமக்குக் கிட்டிய கதை. டயலிசிஸ் செய்பவர்களுக்கு இரத்தம் ஊற எரித்ரோபொயிற்றின் ஊசி போடுகிறார்கள் அல்லவா? அந்த ஹோர்மோனை முதன்முதலில் தூய்மையாகப் பிரித்தது 1977இல். அதற்கு வேண்டியிருந்தது கடும் இரத்தசோகை நோயாளிகளின் சலம், 2,550 லீற்றர். ஜப்பானில் நோயாளிகளிடம் சேர்த்ததைத் தகாஜி மியாகே என்பவர் சிக்காகோவுக்கு, யூஜின் கோல்ட்வாசரின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். கிடைத்தது சில மில்லிகிராம். அந்தச் சில மில்லிகிராமை வைத்துத்தான் பிறகு மரபணுவைக் கண்டுபிடித்து ஊசி செய்தார்கள். போத்தலை நிரப்பிக் கொடுத்த அந்த நோயாளிகளை எனக்கு நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நம் நாட்டிலும் வேலை இருக்கிறது. மதவாச்சி, பதவியா பக்கமும் வவுனியா மாவட்டத்திலும் விவசாயிகளைத் தாக்கும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயில், தொடக்கத்தில் சலத்தில் புரதம் அவ்வளவாகப் போவதில்லை. வடிகட்டியைவிட அதன் பின்னால் உள்ள நுண்குழாய்களே முதலில் பழுதாகின்றன. அதனால் சாதாரணப் பட்டை அவர்களைக் கைவிடுகிறது. நோயை முந்திக் காட்டும் வேறு பொருள்களைச் சலத்தில் தேடுவதற்கு, நோயாளிகளின் சலத்தோடு நோயில்லாதவர்களின் சலமும் வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது, கடிதம் எங்கே? யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது, அங்கே போய் விசாரிக்கவும் முடியும். சலத்தில் எதைப் பார்க்கப் போகிறார்கள்? மிச்சத்தை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? அம்மாவுக்கு ஏதும் தெரியவந்தால் சொல்வார்களா? இடையில் வேண்டாம் என்றால் விலகலாமா? இதற்கு உங்களிடம் காசு கேட்டால் அத்தோடு கதவைச் சாத்திவிடுங்கள். விலகினால் கிளினிக்கில் பார்க்கமாட்டார்கள் என்று யாராவது பயமுறுத்தினாலும் அப்படியே. ஆய்வில் எடுத்த சலம் கிளினிக் பரிசோதனைக்கு ஈடாகாது, ஏ.சீ.ஆரைத் தனியாகச் செய்யுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். 1847இல் இங்கே வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்கான சொற்களையும் ஆக்கியவர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. கையெழுத்து அம்மாவுடையது. கண் மங்கல் என்றால் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள், ஒரு இரவு யோசிக்க விடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஓம் என்றால், மேலே சொன்னபடி நடுச்சலம், புதுப் போத்தல், எடுத்த நேரம் எழுதி.