முட்டை எண்ணும் மொழி – கடிதம்

வணக்கம் சார்,

நான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அவருடைய அம்மா 1905-இல் இங்கேயே பிறந்தவர், பெற்றோர் வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலிருந்து வந்து சோளமும் பன்றியுமாகப் பண்ணை வைத்தவர்கள். அந்தத் தாய் தன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை ஜெர்மன் பேசியதில்லையாம். முட்டை எண்ணும்போது மட்டும் வாய்க்குள் ஜெர்மனில் எண்ணுவாராம். பெற்ற பிள்ளைகளிடம்கூடப் பேசாத அளவுக்கு அப்படி என்ன வெட்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெட்கம் என்று அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்ட மாட்டேன். 1918-இல் அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. முதல் உலகப்போரில் அமெரிக்கா ஜெர்மனியோடு மோதிக்கொண்டிருந்த அந்த வருடம் மே 23 அன்று அயோவா ஆளுநர் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார்: பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில் ஆங்கிலம் மட்டும். ஆங்கிலம் புரியாதவர்கள் வீட்டில் வழிபட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வேறு! வீட்டுக்குள் தடை இல்லைதான். ஆனால் அன்றைய கிராமத்துத் தொலைபேசியில் ஒரே கம்பியில் பல வீடுகள், யாரும் எடுத்து ஒட்டுக்கேட்கலாம். உங்கள் டேவன்போர்ட் இருக்கும் ஸ்காட் கவுண்டியிலேயே (நம் மாவட்டம் மாதிரி) போனில் ஜெர்மன் பேசிய பெண்கள் 225 டாலர் அபராதமாகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கட்டினார்கள். பண்ணைப் பெண்கள் முட்டையும் வெண்ணெயும் விற்றுத்தான் மளிகை வாங்கிய காலம் அது. 225 டாலருக்கு எத்தனை முட்டை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உத்தரவு அந்த டிசம்பரிலேயே போய்விட்டது. பயம் போகவில்லை.

அப்புறம் இன்னொன்று. அந்த வயதுப் பண்ணைப் பெண்கள் பலர் தேவாலயத்தில் உறுதிபூசுதல் என்கிற, வளர்ந்த பிள்ளைகளுக்கான சடங்கு முடிந்ததும் பள்ளியை விட்டு, டவுனில் யார் வீட்டிலாவது வேலைக்குப் போவார்கள், சம்பளம் அப்பா கைக்குப் போகும். சமையலும் குழந்தை வளர்ப்பும் ஆங்கிலத்தில் பழகிய ஒருத்தி தனக்குக் குழந்தை பிறந்தபோது ஆங்கிலத்தில் கொஞ்சியிருந்தால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தவிர, எந்த ஜெர்மனைச் சொல்லிக்கொடுப்பது? ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் குடியானவர்கள் வீட்டில் பேசியது பிளாட் என்கிற வட்டார மொழி. தேவாலயத்திலும் பாடப்புத்தகத்திலும் இருந்தது வேறு ஜெர்மன். அம்மாவின் மொழிக்குப் பாடப்புத்தகம் இல்லை, பாடப்புத்தக மொழியில் அம்மா பேசியதில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். முட்டை எண்ணும்போது இரண்டு, மூன்றுக்கு அவர் அம்மா 'ட்ஸ்வை, ட்ரை' என்றாரா, 'ட்வே, ட்ரே' என்றாரா? முதலாவது பள்ளிக்கூடத்து ஜெர்மன், இரண்டாவது பிளாட்.