டாக்டர் பதில்கள்: மணிக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்

கேள்வி: எங்கள் மணிக்கு 11 வயது. லாப்ரடார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் கட்டிகள். டாக்டர் ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்துவிட்டு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார். கீமோ கொடுத்தே ஆக வேண்டும் என்கிறான் மகன். ‘வயசான காலத்தில் அவனை ஏன் வதைக்கணும்’ என்கிறார் கணவர். மூன்று வாரத்துக்கு முன்பே தாடைக்கடியில் கட்டி என் கைக்குத் தட்டுப்பட்டது. சதை போட்டிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவனோ எதுவும் தெரியாமல் வாலாட்டிக்கொண்டு வருகிறான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன செய்யட்டும் டாக்டர்?
(ஒரு வாசகி)

பதில்: முதலில் அந்த மூன்று வாரத்தைப் பேசிவிடுவோம், அம்மா. லிம்போமாவில் நெறி கட்டினால் வலிக்காது. தொட்டால் நாய் முகம் சுளிக்காது, விலகாது. கழுத்துப் பட்டை இறுகுகிறதே என்று கொண்டுவந்த இடத்தில் கண்டுபிடித்த நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் இருக்கும் கட்டியாக இருந்தால் சீக்கிரம் வெட்டி எடுத்திருக்கலாம் என்று வருந்தலாம். இது ரத்தத்தோடும் நிணநீரோடும் உடம்பு முழுக்க ஓடுகிற நோய். கத்திக்கு அங்கே வேலை இல்லை. நோய் எந்த வகைச் செல்லில் தொடங்கியது என்பதும், கண்டுபிடித்த அன்று நாய் தெம்பாக இருந்ததா என்பதும்தான் பெரிய விஷயம். பி செல், டி செல் என்று வெள்ளை அணுக்களில் இரண்டு வகை. பி செல் வகை நோய் டி செல் வகையைவிட மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். சாப்பிட்டுக்கொண்டு, நடமாடிக்கொண்டு இருக்கும்போது சிகிச்சைக்கு வரும் நாய்கள், படுத்துவிட்ட பிறகு வருபவற்றைவிட நன்றாகத் தேறும். மணி வாலாட்டிக்கொண்டு வருகிறான் என்பதை நீங்கள் அழுதுகொண்டே எழுதியிருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தியே அதுதான்.

எந்தச் செல் வகை என்று சோதித்தாகிவிட்டதா? இல்லையென்றால் அதைக் கேளுங்கள். கூடவே இன்னொன்று, இதை இன்றைக்கே கேட்க வேண்டும்: ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது தொடங்கிவிட்டார்களா? பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் கட்டிகள் சட்டென்று வற்றும், பசி எடுக்கும், வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். ஆனால் கீமோவுக்கு முன்னால் அதை மட்டும் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் மருந்துகளுக்குப் பழகிவிடும். பிறகு கீமோ சரியாகப் பிடிக்காது. வீட்டில் ஒரு முடிவுக்கு வரும்வரை டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அவர் மனத்தில் இருப்பது மனிதர்களுக்குக் கொடுக்கும் கீமோ. நாய்க்குக் கொடுப்பதன் நோக்கமே வேறு. நோயை அடியோடு ஒழிக்கிறேன் என்று நாங்கள் இறங்குவதில்லை. இருக்கும் நாள்கள் நல்ல நாள்களாக இருக்கும் அளவுக்குத்தான் மருந்தின் அளவை வைத்துக்கொள்கிறோம். வாந்தி, பேதி, இரண்டு நாள் சோர்வு வரலாம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போவது கொஞ்சம் பேருக்குத்தான். லாப்ரடாருக்கு முடி கொட்டாது, மீசை ரோமம் உதிரலாம். முடி வளர்ந்துகொண்டே இருக்கும் பூடில் போன்ற இனங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம்.

வழக்கமான முறையில் சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன் என்று நான்கு மருந்துகளை மாற்றி மாற்றி 19 முதல் 25 வாரம் வரை கொடுப்பார்கள். பத்து நாய்களில் எட்டு ஒன்பதுக்குக் கட்டிகள் வற்றிவிடும். இந்தச் சிகிச்சைக்கு டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் ‘ஒரு வருடம்’ என்பதைக் கெடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி நாய்கள் அதற்குள் போய்விடும், பாதி தாண்டும் என்பதுதான் அதன் பொருள். நோய் கிட்டத்தட்ட எப்போதுமே திரும்பி வரும். இதை உங்கள் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவன் குணமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

வாராவாரம் ஊசிக்குத் தூக்கிப்போவது மணிக்கு நடுக்கம் தருமென்றால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை டாக்ஸோரூபிசின் மட்டும் கொடுக்கும் வழி இருக்கிறது. இதயத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பலன் குறைவு, அலைச்சலும் குறைவு. எதுவுமே வேண்டாம், ஸ்டீராய்டு மட்டும் போதும் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம். அப்படி முடிவெடுக்கிறவர்கள் நாயைக் கைவிட்டவர்கள் இல்லை. மருத்துவமனை வாசலைக் கண்டாலே நடுங்கி ஒண்ணுக்குப் போய்விடும் ஒரு கிழட்டு நாய்க்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

கீமோ என்று முடிவானால், மருந்து கொடுத்த ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கவனமாக இருங்கள். வெள்ளை அணுக்கள் குறையும் நேரம் அது. உடம்புச் சூடு 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் அவன் சிறுநீர், மலத்தைக் கையுறை போட்டு எடுங்கள். கர்ப்பிணிகள் யாரும் தொட வேண்டாம். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ அவன் வாய்க்குப் போகவே கூடாது.

என் வீட்டு ஜூலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னங்கால் எலும்பில் புற்றுநோய். நான் அப்போதே 20 வருஷ டாக்டர். இரவில் எழுந்து எழுந்து இடம் மாற்றிப் படுப்பாள், ஓடாமலே மூச்சிரைப்பாள். வயசு என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு தடவைகூட முனகவில்லை. வலிக்கு மருந்து கொடுத்த அன்று ராத்திரி முழுக்க அசையாமல் தூங்கினாள், அதைப் பார்த்த பிறகுதான் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த ராத்திரிகளை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். நாய் கத்தினால்தான் வலி என்று இல்லை, அம்மா. இடத்தை மாற்றுவது, ஒரே இடத்தை நக்குவது, ஆள் இல்லாத மூலைக்குப் போவது, இவையெல்லாம் அது சொல்லும் விதம்.

அதனால் மணிக்குப் பிடித்த மூன்று விஷயங்களை இன்றே எழுதி வையுங்கள். வாசலுக்கு ஓடிவருவது, பந்து, உங்கள் காலடியில் படுப்பது, எதுவானாலும் சரி. ஒவ்வொரு ராத்திரியும் நாள்காட்டியில் நல்ல நாளா இல்லையா என்று ஒரு குறி போடுங்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோல் செய்து வைத்திருக்கிறார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். நன்றாக இருந்தால் பத்து; வலியே இல்லையென்றால் வலிக்கும் பத்து. 35-க்கு மேல் இருக்கும்வரை தொடரலாம். வாரம் ஒரு முறை நீங்கள் மூவரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். மகனும் அப்பாவும் வாதாடுவது அன்றோடு பாதி குறையும்.

அவனுக்குப் புற்றுநோய் என்ற வார்த்தை தெரியாது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரியும். போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

கேள்வி: எங்கள் வயதான நாய்க்குப் புற்றுநோய். கூடவே இருக்கும் குட்டிக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: இணை சேரும்போதும் நக்கும்போதும் நாய்க்கு நாய் செல்லாகவே தாவிப் பிறப்புறுப்பிலோ மூக்கிலோ வாயிலோ வளரும் ஒரு கட்டி. அதுவும் பெரும்பாலும் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியில் சில வாரங்களில் கரைந்துபோகும். உங்களுடையது அந்தக் கட்டியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டையும் பிரிக்காதீர்கள்.

கேள்வி: நாய்க்குக் கடைசி ஊசி போடும்போது நான் கூட இருக்க வேண்டுமா? பயமாக இருக்கிறது.

பதில்: முடிந்தால் இருங்கள். முடியாவிட்டால், அது பழகிய வேறொருவர் கட்டாயம் இருக்கட்டும். பயம் பெரும்பாலும் என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. முதலில் தூங்க வைக்கும் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அது நன்றாக அசந்த பிறகு, அளவுக்கு அதிகமான மயக்க மருந்து நரம்பில் ஏறும். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கண் மூடாது. பிறகு ஒரு பெரிய மூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். அப்போது அது உயிரோடு இல்லை, அதற்கு எதுவும் தெரியாது. முன்கூட்டியே சொல்லாததால் ‘இன்னும் உயிர் இருக்கிறதே’ என்று பதறிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் கூட்டம் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வருவார்களா என்றும் கேளுங்கள். கையெழுத்து, பணம் எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். முடிந்த பிறகு ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்படி ஆகக் கூடாது.