மகளை நர்சிங் சேர்க்கலாமா?

"பிளஸ் டூ முடித்த மகள் நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். டிரெயினிங் ரொம்பக் கஷ்டமாமே, சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீட்டில் மார்க் குறைந்து, அடுத்து என்ன என்று தேடும் வீடாக இருக்கும் என நினைக்கிறேன். இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் மதுரை பெரியாஸ்பத்திரியில் டிப்ளமோ முடித்தவள். அப்போது மூன்றரை வருஷம். ஊசி போடத்தான் முதலில் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துப் போனால், பெட் போடச் சொன்னார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் டியூட்டர் உருவிப் போட்டுவிடுவார். தலையணை உறையின் வாய் வாசலைப் பார்க்கக் கூடாது. இதற்கெல்லாமா படிப்பு என்று எரிச்சல் வரும். பக்கவாதத்தில் படுத்த ஒரு தாத்தாவைத் திருப்பிப் போட்டு, முதுகைத் துடைத்து, பவுடர் தடவியபோதுதான் புரிந்தது. இடுப்பெலும்புக்கு மேல் ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. விரிப்பு மடிந்து அழுத்திய அதே இடம். விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும். "யார் வீட்டுப் பிள்ளை தாயி?" என்று குழறிக் குழறிக் கேட்டார்.

மலம், சீழ், வாந்தி எல்லாம் உண்டு. ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாமல் அழுதுகொண்டு ஊருக்குப் போனவர்களும் உண்டு, அதை மறைக்கவில்லை.

லேபர் வார்டில் அப்போது ஆளுக்கு 20 பிரசவம் பார்த்து கேஸ் புக்கில் எழுத வேண்டியிருந்தது. என்னுடைய 20ம் நானே பார்த்தது. சில தனியார் கல்லூரிப் பிள்ளைகள் வேனில் வந்து கூட்டமாக ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுத்தவள் கேஸைத் தன் புக்கில் எழுதிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். எல்லாத் தனியார் கல்லூரியும் அப்படியா என்று சண்டைக்கு வராதீர்கள், சொந்த ஆஸ்பத்திரி வைத்து அருமையாகச் சொல்லித்தரும் இடங்களும் இருக்கின்றன.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எனக்கு வரன் பார்த்தபோது "நைட் டூட்டி உண்டா?" என்று கேட்டுவிட்டு ஜாதகத்தைத் திருப்பித் தந்தவர்கள் நிறையப் பேர். அதே ஆட்கள் ராத்திரி பதினோரு மணிக்கு, "அம்மாவுக்கு மூச்சு வாங்குது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்?" என்று போன் பண்ணுகிறார்கள். சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் மறக்கவில்லை.

சம்பளத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 2016ல் உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி மத்திய அரசு போட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. அது வெறும் பரிந்துரைதான். அதில் பாதிக்கு வேலை பார்ப்பவர்கள் எனக்கே தெரியும்.

மகளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் பணம் கட்டும் முன் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, வார்டு போஸ்டிங், அதாவது நோயாளிகளிடம் நேரில் பழகும் பயிற்சி, எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள். இரண்டாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.