மரம் வெட்டாமல் அருமண் எடுத்தால் சூழலுக்குக் கேடில்லையா?

தோண்டாமல், துளை போட்டுக் கரைசல் இறக்கி அருமண் தனிமங்களை (rare earths, காந்தங்களுக்கும் பயன்படும் உலோகங்கள்) எடுப்பதுதான் சூழலுக்கு உகந்த முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதாவது விளம்பரக் காணொளி பார்த்திருப்பீர்கள். மலைமேல் மரம் நிற்பதைக் காட்டுவார்கள். மண்ணுக்குள் தங்கிவிட்டதைக் காட்ட மாட்டார்கள். என் ஆதங்கமே அதுதான்.

தென்சீனாவின் ஜியாங்சியில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் களிமண் துகள்களில் அயனிகளாக ஒட்டியிருக்கின்றன. அம்மோனியம் சல்பேட் கரைசலை இறக்கினால், அம்மோனியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அருமண் அயனியை வெளியே தள்ளும். கரைசலை மலையடிவாரத்தில் சேகரித்து, அதிலுள்ள அருமண்ணைத் திடப்பொருளாகப் படியவைத்துப் பிரிப்பார்கள். இடம்பிடித்த அம்மோனியமோ மண்ணிலேயே இருக்கும். மழை பெய்யப் பெய்யக் கசிந்து ஓடையில் கலக்கும், ஒரு பகுதி நைட்ரேட்டாகும். வெறும் தண்ணீரில் கழுவினால் இடுக்குகளில் தேங்கிய கரைசல்தான் போகும். களிமண்ணில் ஒட்டியதைப் பெயர்க்க இன்னொரு நேர்மின் அயனி வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

அதனால் தொடக்கத்திலேயே மெக்னீசியம் சல்பேட்டுக்கு மாறுவது மேல். "அதுவும் உப்புத்தானே" என்று யாராவது வருவார்கள். உண்மைதான், மெக்னீசியம் மிஞ்சினால் செடிகளுக்குக் கால்சியம் கிடைப்பது குறையும். எடுத்து முடித்தபின் கால்சியம் கொடுத்துச் சரிசெய்யலாம். ஆனால் சல்பேட் அடர்த்தியாக இருக்கும்போதே கால்சியம் குளோரைடு விட்டால் ஜிப்சம் படிந்து மண்துளைகள் அடைபடும். முதலில் தண்ணீர் விட்டுச் சல்பேட்டைக் குறைத்து, பிறகு நீர்த்த கால்சியம் கரைசல்.

அடிப்பாறையில் விரிசல் இருந்தால் இந்த முறையே வேண்டாம். கரைசல் நேராக நிலத்தடி நீருக்குப் போகும். உகந்த இடத்திலும், இறக்குவதைவிடச் சற்றுக் கூடுதலாக வெளியே எடுக்க வேண்டும். சரிவுக்குள் நீர்மட்டம் ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். ஊறிய சரிவு சரிந்துவிடும்.

பாஸ்ட்னசைட், மோனசைட் ஆகிய அருமண் கனிமங்களின் கதை வேறு: அங்கே கதிரியக்கத் தோரியம் கலந்த கழிவும் அமிலக் கழிவுநீரும்தான் தலைவலி.

சுரங்கமே வேண்டாம், பழைய காந்தங்களை மறுசுழற்சி செய்தால் போதாதா என்றால், அதற்கு நான் எதிரி இல்லை. நியோடிமியம் காந்தத்தின் எடையில் ஏறத்தாழ 30% அருமண்தான். ஹைட்ரஜன் செலுத்திப் பொடியாக்கி மீட்கலாம். ஆனால் தேவை வளரும் வேகத்துக்குப் பழைய காந்தங்கள் மட்டும் போதாது.

காந்தம் வாங்கும் நிறுவனங்கள் அருமண் ஆக்சைடின் தூய்மையைத் தசமப் புள்ளிவரை கேட்கின்றன. சுரங்கம் மூடியபின், கண்காணிப்புக் கிணறுகளில் அம்மோனியா நைட்ரஜன் (நீரில் அம்மோனியா, அம்மோனியம் வடிவிலுள்ள நைட்ரஜன்) அளவு ஆண்டுவாரியாக எவ்வளவு என்றும் அவர்கள் கேட்க வேண்டும். நீங்களும் எந்தச் சுரங்கத்தையாவது மதிப்பிடுவதானால், மழைக்காலத்துக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக அந்த அளவீடுகளைக் கேளுங்கள். கோடை அளவு மட்டும் தந்தால் ஏற்காதீர்கள்.